பேஸ்பாலின் மறக்க முடியாத தருணங்கள்: பக்னர் மேல் பழி போட்டது நியாயமா?

#1 · மிட்விக்கெட்

அக்டோபர் வந்துவிட்டது. கிரிக்கெட் தவிர வேறெதுவும் பார்க்காத ஆள் நான். இப்போது ராத்திரி கண்விழித்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விதிமுறை ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் வர்ணனை செய்கிறவர்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பழங்கதைக்குள் போய்விடுகிறார்கள். "86இல் பக்னர்" என்கிறார்கள், "51இல் தாம்சன்" என்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பில் விளக்காமலே அடுத்த பந்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

அதனால்தான் இந்த இழை. உங்களால் மறக்கவே முடியாத தருணம் எது, ஏன்? டாப் டென் பட்டியல் வேண்டாம், அது இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. நடந்ததைச் சொல்லுங்கள்.

இதுவரை பார்த்ததில் என் மனதில் நின்றது அந்த பக்னர் காட்சிதான். முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால் இடுக்கில் பந்து போகிறது, அவருடைய அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் கைக்கு வந்த கோப்பை போயே போச்சு. ஒரே ஒரு பந்தில்!

#2 · ஷே_மேல்தளம்

"ஒரே ஒரு பந்தில்" என்பதைத்தான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் அன்றைய எதிரணியான நியூயார்க் மெட்ஸின் ரசிகன். பக்னருக்காகப் பரிந்து பேச எனக்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனாலும் பேசுகிறேன்.

1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம், வேர்ல்ட் சீரிஸின் (சாம்பியனைத் தீர்க்கும் தொடர், நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை) ஆறாவது ஆட்டம். தொடரில் பாஸ்டன் 3-2 என முன்னிலை. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 3-3. பத்தாவதில் டேவ் ஹெண்டர்சன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, சுவரைத் தாண்டும் அடி) அடிக்க, பின்னாலேயே இன்னொரு ரன்னும் வந்து பாஸ்டன் 5-3. மெட்ஸ் ஆட வந்ததும் முதல் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரு அவுட் எடுத்தால் 1918க்குப் பிறகு பாஸ்டனுக்கு முதல் கோப்பை. ஷே ஸ்டேடியத்தின் ஸ்கோர்போர்டிலேயே ரெட் சாக்ஸுக்கு வாழ்த்து ஒரு கணம் மின்னி மறைந்தது.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். கேரி கார்ட்டர் சிங்கிள், அதாவது அடித்து முதல் பேஸுக்குப் போனார் (பேஸ்களைச் சுற்றி வந்தால்தான் ரன்). கெவின் மிட்செல் சிங்கிள். ரே நைட் இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்) வாங்கிய பிறகு சிங்கிள், 5-4. மூன்றையும் விட்டுக்கொடுத்தவர் பிட்சர் கால்வின் ஷிரால்டி. அவரை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியை அனுப்புகிறார்கள். எதிரே மூக்கி வில்சன். அவுட் ஆகவும் மாட்டேன் என்கிறார், அடிக்கவும் மாட்டேன் என்கிறார். வருவதையெல்லாம் ஃபவுலாக, கோட்டுக்கு வெளியே, தட்டிக்கொண்டே இருக்கிறார். அப்போது ஸ்டான்லி வீசிய ஒரு பந்து வில்சனின் காலை நோக்கி வந்தது. அவர் துள்ளி விலகினார், கேட்சர் கையிலும் சிக்கவில்லை, பந்து பின்னால் ஓடியது. வைல்ட் பிட்ச். மூன்றாவது பேஸில் நின்ற மிட்செல் ஓடி வந்துவிட்டார். 5-5.

ஆட்டம் அங்கேயே சமன். பக்னர் பக்கம் பந்து இன்னும் போகவே இல்லை!

அதற்குப் பிறகுதான் முதல் பேஸ் ஓரமாக அந்தப் பந்து உருண்டது, பக்னரின் கையுறைக்கு அடியில் நழுவியது, ரே நைட் ஓடி வந்து 6-5. அப்போதும் தொடர் 3-3தான். ஏழாவது ஆட்டம் இரண்டு நாள் கழித்து. அதில் பாஸ்டன் 3-0 என முன்னால் இருந்து 8-5இல் தோற்றது. அதையும் சேர்த்து பக்னர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

#3 · மிட்விக்கெட்

அதற்கு முன்பே சமன் ஆகிவிட்டது என்பதை நான் பார்த்த எந்தத் துண்டு வீடியோவிலும் காட்டவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும். பந்தைப் பிடித்திருந்தால் பதினோராவது இன்னிங்ஸ் வந்திருக்கும். பிடிப்பது அவர் வேலைதானே?

#4 · ஃபென்வே_அடியார்

அவர் வேலைதான். ஆனால் அந்த நேரத்தில் அவரை அங்கே நிறுத்தியது யார்? பக்னருக்குக் கணுக்கால் இரண்டும் மோசம், நொண்டி நொண்டித்தான் ஆடினார். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸில் அவரை உட்காரவைத்துவிட்டு டேவ் ஸ்டேப்பிள்டனை முதல் பேஸுக்கு அனுப்புவது அந்த அக்டோபரில் மேலாளர் ஜான் மெக்னமாராவின் வழக்கம். அன்றைக்கு மட்டும் மாற்றவில்லை. வெற்றிக் கொண்டாட்டத்தில் பக்னர் மைதானத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார் என்பது பாஸ்டன்காரர்கள் பலரும் நம்பும் காரணம்.

இன்னொன்று. மூக்கி வில்சன் வேகமான ஓட்டக்காரர். பந்தை எடுத்திருந்தாலும் அவுட் ஆகியிருப்பார் என்று சத்தியம் பண்ண முடியாது.

பக்னர் தன் ஆட்ட வாழ்க்கையில் 2,715 ஹிட் (பேஸுக்குக் கொண்டுபோகும் அடி) அடித்தவர். 1980இல் மேஜர் லீக்கின் (அமெரிக்காவின் உச்சப் போட்டி) இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் பேட்டிங் சாம்பியன். அந்த ஏழாவது ஆட்டத்தில்கூட எட்டாவது இன்னிங்ஸில் சிங்கிள் அடித்து, ஓடி ரன் எடுத்தார். இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 2008 ஏப்ரலில் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் சம்பிரதாயமான முதல் பந்தை வீச அவரை அழைத்தார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வீசினார். அதற்குள் பாஸ்டன் 2004, 2007 என்று இரண்டு கோப்பை வாங்கியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்த பிறகு மன்னிக்கிற மனசு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. 2019இல் இறந்துபோனார்.

#5 · சும்மா_வந்தேன்

பெரிய நட்சத்திரமான பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்ற பாவம் சும்மா விடுமா? 86 வருடம் ஆட்டிவைத்தது. மேலாளராவது, கணுக்காலாவது.

#6 · பழைய_ஸ்கோர்கார்டு

ரூத்தின் சாபம் என்பது பாஸ்டன் நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியான கதை. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். 1919 கடைசியில் ரூத்தை விற்றது தப்புதான். அதற்காகத் தலைமுறை தலைமுறையாகவா தோற்பார்கள்?

(கிரிக்கெட் நண்பருக்கு ஒரு துணுக்கு: 1932இல் நியூயார்க் போன டான் பிராட்மேன், யாங்கி ஸ்டேடியத்தில் ரூத்தோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்.)

உண்மையான கதை வேறு. 1945 ஏப்ரலில் ஃபென்வே பார்க்கில் மூன்று கறுப்பின வீரர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். விருப்பப்பட்டு வைத்த தேர்வு இல்லை, நகர மன்றத்திலும் பத்திரிகைகளிலும் எழுந்த நெருக்கடிக்காக வைத்தது. வந்த மூவரில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். இன்னொருவர் சாம் ஜெத்ரோ. அடித்துக் காட்டினார்கள், அனுப்பிவைத்தார்கள், அதோடு சரி. ஜெத்ரோ பிறகு அதே பாஸ்டன் நகரின் இன்னொரு அணியான பிரேவ்ஸில் சேர்ந்து 1950இல் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். ராபின்சனை புரூக்ளின் டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி ஒப்பந்தம் செய்தார்.

என்னைப் பொறுத்தவரை பேஸ்பாலின் மிகப் பெரிய நாள் 1947 ஏப்ரல் 15. புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்ட், எதிரணி அதே பாஸ்டன் பிரேவ்ஸ். 42ஆம் எண் சட்டையோடு ராபின்சன் முதல் பேஸில் போய் நின்றார். 1880களுக்குப் பிறகு மேஜர் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர். அன்று அவர் அடித்த ஹிட், பூஜ்யம். ஏழாவது இன்னிங்ஸில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினார். அவருடைய வேகத்தைப் பார்த்து அவசரப்பட்டு எறிந்தார்கள், எறி தவறிப்போனது, அடுத்து பீட் ரைசர் அடித்த அடியில் ஓடி வந்து ரன் எடுத்தார். டாட்ஜர்ஸ் முன்னிலைக்குப் போனது அந்த ரன்னில்தான். 5-3 வெற்றி. போட்டுக் காட்ட ஒரு பிரமாதமான அடிகூடக் கிடையாது. ஒரு மனிதர் மைதானத்துக்குள் நடந்து வந்ததே வரலாறு.

அடுத்த வாரமே ஃபிலடெல்ஃபியா அணியின் மேலாளர் பென் சாப்மன் தன் ஆட்களோடு உட்கார்ந்து ஆட்டம் முழுக்க இனவசை பொழிந்தார். ராபின்சன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை, ரிக்கியிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருடம் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே.

இப்போது ரெட் சாக்ஸுக்கு வாருங்கள். அவர்களுடைய முதல் கறுப்பின வீரர் பம்ப்சி கிரீன். ஆடிய வருடம் 1959! அன்றிருந்த பதினாறு அணிகளில் கடைசி. நல்ல ஆட்டக்காரர்களில் ஒரு பெரும் பகுதியைப் பன்னிரண்டு வருடம் தானாகவே கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிட்டு, ரூத்தின் ஆவி என்றால் என்ன அர்த்தம்?

#7 · ஃபென்வே_அடியார்

வலிக்கிறது, ஆனால் மறுக்க ஒன்றும் இல்லை.

#8 · ஷே_மேல்தளம்

ராபின்சனுக்கு முன்னால் ஆடியவர்களை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வரும். நீக்ரோ லீக் (கறுப்பினத்தவருக்குத் தனியாக நடந்த லீக்) நட்சத்திரம் ஜாஷ் கிப்சன், மேஜர் லீக் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆட விடப்படாமல், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு 1947 ஜனவரியில் செத்துப்போனார். வயது 35. 2024இல்தான் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் ஏட்டோடு சேர்த்தார்கள். சேர்த்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் இரண்டாவது இடத்துக்கு இறங்கினார், .372 என்ற கணக்கோடு கிப்சன் முதலிடம்.

#9 · மிட்விக்கெட்

இது எதுவுமே எனக்குத் தெரியாது. நன்றி. அந்த 51 தாம்சன் விவகாரத்தையும் யாராவது சொல்லுங்களேன்.

#10 · போலோ_மைதானம்

நான் சொல்கிறேன். 1951இல் ஆகஸ்ட் நடுவில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, முதலிடத்தில் இருந்த புரூக்ளினைவிட பதின்மூன்று ஆட்டம் பின்தங்கிக் கிடந்தது. எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். கடைசி 44 ஆட்டத்தில் 37ஐ ஜெயித்து சமனுக்கு வந்தார்கள். லீக் பட்டம் யாருக்கு என்று தீர்க்க மூன்று ஆட்டத் தொடர். ஆளுக்கு ஒன்று ஜெயித்து, அக்டோபர் 3 அன்று போலோ கிரவுண்ட்ஸில் மூன்றாவது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி தொடங்கும்போது புரூக்ளின் 4-1. ஜயன்ட்ஸ் இரண்டு சிங்கிள், ஒரு அவுட், ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) என்று 4-2க்கு வந்தது. களைத்துப்போன டான் நியூகோம்பை எடுத்துவிட்டு ரால்ஃப் பிராங்காவைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் முன்னால் இதே பாபி தாம்சன் இதே பிராங்காவை ஹோம் ரன் அடித்திருந்தார், அது தெரிந்தும் கூப்பிட்டார்கள். பிராங்காவின் இரண்டாவது பந்தைத் தாம்சன் அடிக்க, இடதுபக்கச் சுவருக்கு மேலே போய் விழுந்தது, பேஸில் நின்ற இருவரோடு சேர்த்து மூன்று ரன். 5-4. அடுத்து அடிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தவர் இருபது வயது வில்லி மேஸ், முதல் சீசன். வானொலியில் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் பட்டத்தை ஜெயித்துவிட்டது என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினார். நீங்கள் கேட்கிற ஒலித்துண்டு அதுதான்.

இனிப்பு இதோடு முடிகிறது. 2001இல் வெளிவந்த செய்தி: ஜயன்ட்ஸ் அந்த சீசனின் பிற்பாதியில் மைதானத்தின் நடுப்பக்கத்தில் இருந்த தங்கள் அறையில் தொலைநோக்கியை வைத்து, என்ன பந்து வீச வேண்டும் என்று எதிரணி கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகையைத் திருடியது. அங்கிருந்து மின்மணி இழுத்து, வரப்போகும் பந்து என்ன என்று பேட்டருக்குச் சைகை போகும்படி செய்திருந்தார்கள்.

#11 · சும்மா_வந்தேன்

அப்போ அது திருட்டு வெற்றி. பட்டத்தைப் பிடுங்கியிருக்க வேண்டும். 2017இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி சைகையைக் கேமராவில் பார்த்து, பேட்டருக்குத் தெரிவிக்கக் குப்பைத்தொட்டியைத் தட்டினார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

#12 · போலோ_மைதானம்

வித்தியாசம் உண்டு. 1951இல் தொலைநோக்கிக்கு எதிராக எழுதப்பட்ட விதி இல்லை. ஆஸ்ட்ரோஸ் விஷயத்தில் விதி இருந்தது, தெரிந்தே மீறினார்கள். 2020 ஜனவரியில் 50 லட்சம் டாலர் அபராதம், மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஒரு வருடத் தடை. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கும் தண்டனை இல்லை, கோப்பையும் அவர்களிடமே. இது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

தாம்சன் விஷயத்தில் இன்னொன்றையும் யோசியுங்கள். இரண்டாவது ஆட்டமும் அதே போலோ கிரவுண்ட்ஸில்தான், முந்தைய நாள், அதே தொலைநோக்கியோடு. ஜயன்ட்ஸ் எடுத்த ரன் என்ன தெரியுமா? சைபர். 10-0 என்று தோற்றார்கள். என்ன பந்து வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் அடித்துவிடலாம் என்பது சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களின் நம்பிக்கை. அந்தப் பந்துக்குத் தனக்குச் சைகை வரவில்லை என்று தாம்சன் கடைசிவரை சொன்னார். தாம்சனும் பிராங்காவும் வயதான காலத்தில் ஒன்றாக விழாக்களுக்குப் போய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

#13 · பழைய_ஸ்கோர்கார்டு

சைகை தெரிந்தும் அடிக்க முடியாததற்கு இன்னும் பெரிய சாட்சி இருக்கிறது. 1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ் உடம்புக்கு முடியாமல் இருமிக்கொண்டே பிட்ச் பண்ண வந்தார். பன்னிரண்டு இன்னிங்ஸ், 36 பேர், 36 அவுட். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை அப்படி எடுத்தாலே பெர்ஃபெக்ட் கேம். மில்வாக்கியின் பிட்சர்கள் ஓரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துத் தங்கள் பேட்டர்களுக்குச் சைகை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னாளில் அந்த அணிக்காரர் வாயிலிருந்தே வந்தது. அனுப்பியும் ஒன்றும் நடக்கவில்லை.

கொடுமை என்னவென்றால் பிட்ஸ்பர்க்கும் ரன் எடுக்கவில்லை. லூ பர்டெட் பன்னிரண்டு ஹிட் வாங்கியும் ஒரு ரன் விடவில்லை. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸ்காரர் டான் ஹோக் தப்பாக எறிந்தார், ஒருவர் பேஸுக்குப் போனார். ஒரு பண்ட் (மெல்லத் தட்டி ஓட்டக்காரரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவது). ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்க விடாமல் முதல் பேஸைக் கொடுத்துவிடுவது). அடுத்து ஜோ ஆட்காக் சுவரைத் தாண்டி அடித்தார். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆரன் நடுவழியில் விலகிவிட, ஆட்காக் அவரை முந்தி ஓட, ஹோம் ரன் டபுளாகக் குறைக்கப்பட்டது. முடிவு 1-0. வாழ்நாளின் ஆட்டத்தை ஆடி ஹாடிக்ஸ் தோற்றார்.

1991இல் ஒரு குழு உட்கார்ந்து நோ-ஹிட்டருக்கான (ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) விளக்கத்தை மாற்றியது, ஹாடிக்ஸின் ஆட்டம் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. பேனா பிடித்தவர்களுக்கு என்ன அவசரமோ.

#14 · மூன்றாம்_அம்பயர்

பெர்ஃபெக்ட் கேம் என்றதும் கைதூக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆட்டங்களில் இதுவரை 24 முறைதான் நடந்திருக்கிறது. 25 ஆகியிருக்க வேண்டும்.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸ் அணியின் அர்மாண்டோ கலாரகா, வெனிசுவேலாக்காரர், நட்சத்திரம் எல்லாம் இல்லை. எதிரே கிளீவ்லேண்ட். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் மைதானத்தின் ஆழத்துக்குத் தூக்கி அடிக்க, ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடித் தோளுக்கு மேல் பிடித்தார். அடுத்தவரும் அவுட். 26 பேர் முடிந்தது.

27ஆவது ஜேசன் டொனால்ட். தரையோடு அடிக்கிறார். முதல் பேஸ்காரர் மிகேல் கப்ரேரா வலதுபக்கம் நகர்ந்து பந்தை எடுக்க, கலாரகா ஓடி வந்து பேஸை மிதித்து எறியை வாங்குகிறார். டொனால்டின் கால் இன்னும் பேஸுக்கு வரவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லாத அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து சேஃப், அதாவது அவுட் இல்லை, என்கிறார்.

அந்த இடத்தில் கலாரகாவின் முகத்தை நிறுத்திப் பாருங்கள். கொண்டாடத் தூக்கிய கை பாதியில் நிற்கிறது. மனிதர் கத்தவில்லை, தொப்பியை வீசவில்லை. ஒரு சின்னச் சிரிப்பு. திரும்பி நடந்து போய் அடுத்த ஆளை அவுட் ஆக்கிவிட்டு ஆட்டத்தை முடித்தார்.

ஜாய்ஸ் அறைக்குப் போய் ரீப்ளே பார்த்தார். பத்திரிகைக்காரர்களிடம் மழுப்பவில்லை, அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். கலாரகாவைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் அதே மைதானத்தில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டில் அவர்தான் அம்பயர். லீவு வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். டைகர்ஸ் அணியின் ஆட்டக்காரர் பட்டியலை அவரிடம் கொடுக்க அணி மேலாளர் ஜிம் லேலண்ட் அனுப்பிய ஆள், கலாரகா. இதில் வேடிக்கை, சில நாள் கழித்து ஆட்டக்காரர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் மிகச் சிறந்த அம்பயர் என்று தேர்வானவரும் இதே ஜாய்ஸ்தான்.

#15 · மிட்விக்கெட்

டிஆர்எஸ் இருந்திருந்தால் அரை நிமிட வேலை. மறுநாளாவது தீர்ப்பை மாற்றியிருக்கலாமே?

#16 · மூன்றாம்_அம்பயர்

அப்போது ரீப்ளே ஹோம் ரன்னா இல்லையா என்பதற்கு மட்டும்தான் இருந்தது. கமிஷனர் பட் செலிக்கிடம் மாற்றச் சொல்லிப் பலர் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். 2014இல்தான் பேஸ் தீர்ப்புகளையும் சவால் செய்யும் முறை வந்தது. என் கட்சி, செலிக் மாற்றியிருக்க வேண்டும். தோற்றவர் ஜெயிக்கப் போவதில்லை, ஜெயித்தவர் தோற்கப் போவதில்லை. ஆட்டம் அந்த அவுட்டோடு முடிந்தது என்று எழுதினால் யாருக்கு நஷ்டம்?

#17 · பழைய_ஸ்கோர்கார்டு

எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கு இதை மாற்றினால் நாளைக்கு 1985 வேர்ல்ட் சீரிஸுக்கு வருவார்கள். ஆறாவது ஆட்டத்தில் முதல் பேஸில் டான் டென்கிங்கர் கொடுத்த தப்பான சேஃபுக்கு செயின்ட் லூயிஸ்காரர்கள் இன்றும் கொதிக்கிறார்கள். அதிலும் பக்னர் கதைதான்: அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1-0 முன்னிலையில்தான் இருந்தது. அடுத்து எளிய ஃபவுல் பந்து ஒன்றைப் பிடிக்காமல் விட்டார்கள், கேட்சர் ஒரு பந்தை நழுவவிட்டார், 2-1 என்று தோற்றார்கள். ஏழாவது ஆட்டத்தில் 11-0 என்று நொறுங்கினார்கள். பழி மட்டும் அம்பயருக்கு.

#18 · ஃபென்வே_அடியார்

எல்லாம் தோல்விக் கதையாகவே போகிறது, நடுவில் ஒன்றைச் செருகிக்கொள்கிறேன். 2004 அக்டோபர், அமெரிக்கன் லீக் இறுதித் தொடர். யாங்கீஸிடம் பாஸ்டன் 0-3. மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று உதை. நான்காவதில் ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-4, எதிரே மரியானோ ரிவேரா. கெவின் மில்லார் வாக் வாங்க, அவருக்குப் பதிலாக ஓட வந்தார் டேவ் ராபர்ட்ஸ். அவர் பேஸைத் திருடத்தான் (பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) வந்திருக்கிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று தடவை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அடுத்து பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். யாங்கீஸின் ஜீட்டர் தொடுவதற்கு முன் ராபர்ட்ஸின் கை பேஸில். பில் மியூல்லர் சிங்கிள், 4-4. பன்னிரண்டாவதில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன். பிறகு வரிசையாக மூன்று வெற்றி, வேர்ல்ட் சீரிஸில் 4-0. மேஜர் லீக்கில் 0-3இலிருந்து தொடரை ஜெயித்த ஒரே அணி. அந்தத் தொடரில் ராபர்ட்ஸ் பேட் பிடித்து ஒரு பந்துகூட ஆடவில்லை.

#19 · சும்மா_வந்தேன்

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானியை ஒருத்தரும் சொல்லவில்லையே? 2024 செப்டம்பர் 19, மயாமியில் ஒரே நாளில் ஆறுக்கு ஆறு ஹிட், மூன்று ஹோம் ரன், இரண்டு பேஸ் திருட்டு. ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 திருட்டு தொட்ட முதல் ஆள். இதில் பழி போட ஆளே இல்லை, அதனால்தான் விட்டுவிட்டீர்களா?

#20 · ஷே_மேல்தளம்

அன்றைக்குப் பந்து வீசிய மயாமி பிட்சர்களைக் கேட்டுப்பாருங்கள். மூன்றாவது ஹோம் ரன் அடிக்கும்போது எதிரே வீசியது பிட்சரே இல்லை, தோற்கிற ஆட்டத்தில் நேரம் கடத்த அனுப்பிய ஃபீல்டர்! அந்த அடியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.